வைரத்துக்கு முன்பே இருந்த கோபம்

சோவியத் சரிந்துகொண்டிருந்த நேரத்தில் வைரத்துக்காகக் கட்சித் தலைவர்கள் கிளப்பிவிட்ட புழுதிதான் சைபீரியாவின் யாகுட் தேசியமாம். எழுத்தறிவு கொடுத்த மாஸ்கோவுக்கு அது நன்றிக்கேடாம். சென்ற இதழில் கட்டுரையாளர் வழங்கியிருக்கும் இந்தத் தீர்ப்பைப் படித்ததும் வயிறு எரிந்தது.

எழுத்தையே எடுத்துக்கொள்வோம். தங்களைச் சாகா என்று சொல்லிக்கொள்ளும் அந்த மக்களுக்கு 1917இல் அரிச்சுவடி அச்சிட்டுத் தந்தவர் செமியோன் நோவ்கரோதவ். அவரே ஒரு சாகா. அவருடைய எழுத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். 1929இல் அதை எடுத்துவிட்டு லத்தீன் எழுத்து வந்தது. 1939இல் அதுவும் போய் ரஷ்ய எழுத்து வந்தது. 1920களில் எழுத்துக்கூட்டப் பழகிய ஒரு சிறுமி, முப்பது வயதுக்குள் இரண்டு முறை எழுத்தறியாதவளாக்கப்பட்டாள். அதே 1939இல்தான் சாகா இலக்கியத்தின் பெருங்கவிஞர் பிளாதோன் ஒயூன்ஸ்கி சிறையில் செத்தார். இதற்கா நன்றி சொல்ல வேண்டும்?

1926 கணக்கெடுப்பில், சோவியத்துக்குள் இருந்த யாகுட் தன்னாட்சிக் குடியரசில் சாகாக்கள் ஏறக்குறைய 2 லட்சத்து 36 ஆயிரம் பேர். நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். 1959இல் 2 லட்சத்து 26 ஆயிரம். முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஓர் இனம் வளரவில்லை, குறைந்திருக்கிறது. கூட்டுப்பண்ணை, போர், பஞ்சம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் கிடக்கின்றன. சுரங்க வேலைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்து குவிய, 1989இல் சொந்த மண்ணில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கு.

1986 வசந்தத்தில் தலைநகர் யாகுட்ஸ்கில் ஒரு பனிச்சறுக்குத் திடலில் சாகா மாணவர்களுக்கும் ரஷ்ய இளைஞர்களுக்கும் அடிதடி. நியாயம் கேட்டு மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். அதிகாரம் அதற்கு வைத்த பெயர் 'தேசியவாதம்'. அந்தப் பிள்ளைகள் எந்த வைரத்தில் பங்கு கேட்டார்கள்? குடியரசின் இறையாண்மைப் பிரகடனம் வர அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகள் ஆயின. கட்டுரையில் இந்த 1986 பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கட்சிக்காரர்கள் அலையில் ஏறிக்கொண்டது உண்மை. அந்தக் குடியரசின் முதல் தலைவரான மிகயீல் நிக்கலாயெவே பழைய கட்சி நிர்வாகிதான். ஆனால் ஏறிக்கொண்டவரையே அலையை உண்டாக்கியவர் என்று சொல்லலாமா? 1990 செப்டம்பர் 27 பிரகடனம் ரஷ்யாவை விட்டுப் பிரியவும் கேட்கவில்லை. தன் நிலத்தடிச் செல்வத்தின் மீது உரிமை கேட்டது, அவ்வளவுதான்.

கேட்கக் காரணம் இருந்தது. 1955இல் 'மீர்' வைரப் படிவு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சோவியத் வைரம் அனேகமாக முழுவதும் அந்த மண்ணிலிருந்துதான் போனது. அதே மண்ணில் 1974 முதல் 1987 வரை 12 அணுவெடிப்புகளை நிலத்தடியில் நடத்தினார்கள். 1978 ஆகஸ்டில் 'கிராத்தோன்-3' வெடிப்பில் கதிரியக்கம் மேலே கசிந்து, பக்கத்து லார்ச் காடு நின்ற நிலையிலேயே பட்டுப்போனது. சுற்றியிருந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

'நன்றிக்கேடு' என்ற சொல்லைக் கட்டுரையாளர் திரும்பப் பெற வேண்டும்.