பல் வைத்தியமும் பாவனைப் பயிற்சியும்

மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே நம் முன்னோர் சிறுவர் கையில் ஓலையும் எழுத்தாணியும் கொடுத்தனர். மணலிற் பிழைத்த எழுத்தை ஒரு கையசைவால் அழித்துவிடலாம். ஓலையிற் பிழைத்ததை அவ்வாறு அழித்தல் இயலாது. வைத்தியக் கல்வியிலோ ஓலையின் இடத்தில் இருப்பது உயிருள்ள மனிதனது உடல். ஆதலின் பல் வைத்தியம் பயிலும் மாணாக்கர்க்கு மெய்ந்நிகர் யந்திரங்களின் வாயிலாக இரண சிகிச்சை கற்பிக்கும் முறை நம் நாட்டில் பரவுதல் நன்றோ அன்றோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். தமிழ் பயிலும் யாம் இதனிற் புகுவது மிகையெனச் சிலர் கருதக்கூடும். வாய் திறந்து நாற்காலியிற் சாய்வோர் யாவர்க்கும் இதுபற்றிப் பேசும் உரிமை உண்டு என்பதே எம் விடை.

இம்முறையின் வித்து பழையது. சுசுருத சம்ஹிதையில், நோயாளியைத் தொடுமுன் மாணாக்கன் செய்துபழக வேண்டியவற்றைக் கூறுதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களைக் கீறிப் பழகுக என்றும், இறந்த விலங்குகளின் பற்களைப் பிடுங்கிப் பழகுக என்றும் அது விதிக்கின்றது. மேனாட்டில் 1894-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் என்பார், செயற்கைப் பற்களைப் பொருத்திய பொம்மைத் தலையொன்றைப் பயிற்சிக்கென அமைத்தார். நம் நாட்டில் டாக்டர் ஆர். அகமது 1920-இல் கல்கத்தாவில் முதற் பல் வைத்தியக் கலாசாலையை நிறுவினார்; சென்னையில் 1953-இல் மருத்துவக் கல்லூரியின் பிரிவாக இக்கல்வி தொடங்கிற்று. பொம்மைத் தலை இன்றும் மாணாக்கர்க்கு முதல் நோயாளியாக இருந்துவருகின்றது.

மெய்ந்நிகர் யந்திரம் இதனினும் ஒரு படி மேற்பட்டது. ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பல் வைத்தியக் கலாசாலையாரும் மூக் என்னும் நிறுவனத்தாரும் கூடி அமைத்த சைமொடோன்ட் என்பதனை உதாரணமாகக் கொள்ளலாம். மாணாக்கன் கண்ணாடி அணிந்து நோக்குங்கால் பல் முப்பரிமாணத்துடன் எதிரே தோன்றும். அவன் பிடித்த கருவி, உண்மையில் வெற்றிடத்திலேயே இயங்கினும், யந்திரம் எதிர்விசை தந்து அவன் கையைத் தடுக்கும். பல்லின் மேற்பூச்சு வன்மையாகவும், உட்பகுதி சற்று மென்மையாகவும், சொத்தை குழைவாகவும் கைக்குப் புலப்படும். வேண்டுமளவு கடந்து துளைத்தால் எவ்வளவு கடந்தான் என்பதையும் அளந்து காட்டும். பிழைத்த பல்லை நீக்கிவிட்டு அதே பல்லை மறுபடியும் தொடங்கலாம். இத்தகைய தொடுவுணர்வுக் கலையை ஆராயும் கூடம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் உண்டு என்பது நமக்குப் பெருமை தருவதாம்.

இதனாற் பயனுண்டோ எனின், உண்டு. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தார் பித்தப்பைச் சிகிச்சை பயின்ற 16 இளம் வைத்தியரை இரு பகுதியாக்கிச் சோதித்தனர். மெய்ந்நிகர்ப் பயிற்சி பெற்றோர் மற்றையோரினும் 29 விழுக்காடு விரைவாகச் செய்தனர். பிழைகளும் பெரிதும் குறைந்தன. அது பல்லைப் பற்றியதன்றாயினும் கையின் பழக்கத்தைப் பற்றியதே.

இனி, நம் நெஞ்சை மிக உறுத்துவதைக் கூறுவாம். மாணாக்கரின் கற்றுக்குட்டிக் கைகளுக்குத் தம் வாயை ஒப்புவிப்போர் யாவர்? செல்வர் அல்லர். கட்டணம் குறைவென்று கலாசாலை வைத்தியசாலையை நாடிவரும் ஏழைகளே. எம் திருவண்ணாமலையில் வாழ்வோர் இதனை நன்கறிவர். ஜவ்வாது மலைச் சிற்றூர்களினின்று பல்நோவோடு நகருக்கு இறங்கிவருவோன் ஒரு நாட் கூலியை இழந்தே வருகின்றான். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல்லருகே எலும்பினுள் ஒரு நரம்பு ஓடுகின்றது. அது சேதமுற்றால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போம். நாவுக்குச் செல்லும் நரம்பு சேதமுற்றாலோ சுவையுங் கெடும். அவ்வேழை கேள்வி கேளான், விதியென்று திரும்பிப்போவான். யந்திரத்தில் நூறு முறை பிழைக்கக்கூடிய ஒன்றை அவன் வாயில் ஒரு முறையேனும் பிழைக்க விடுவது தருமமாகாது.

மறுப்புரைகளும் உள. யந்திரம் விலையுயர்ந்தது என்பர், மெய்யே. ஒவ்வொரு கலாசாலையும் தனித்தனி வாங்காது, அரசினர் ஓரிடத்தில் நிறுவிப் பல கலாசாலை மாணாக்கரும் முறைவைத்துப் பழகச் செய்யலாம். குறடுகொண்டு பல்லைப் பிடுங்குதற்கு வேண்டும் பெருவிசையை யந்திரம் முற்றும் தரமாட்டாது என்பர், அதுவும் மெய்யே. ஆதலின் பொம்மைத் தலையையும் ஆசிரியரின் நேர்நோக்கையும் கைவிடுதல் கூடாது. யந்திரத்தில் வென்றவன் செருக்குற்றுத் தேர்ந்தவனென்று தன்னைக் கருதுவான் என்பதே யாம் மிக அஞ்சுவது. யந்திரப் பல்லுக்கு வலியில்லை. அது கண்ணீர் விடாது. வாய்நீர் பெருக்கித் தலையைத் திருப்பாது. திருவள்ளுவர் மருந்தின் நான்கு கூறுகளை எண்ணும்பொழுது நோயாளியை முதற்கண் வைத்தார். அந்த முதற் கூறு யந்திரத்தில் இல்லை.

ஆகவே எம் கருத்து இது. கைத்திறனை யந்திரத்திற் கற்பித்து, அதில் தேறினோரையே நோயாளியிடம் அனுப்புக. நோயாளியிடம் செல்லும் நாளில், இன்னது செய்யப்போகின்றேன், இவ்வளவு நோகும், போதுமெனின் கையை உயர்த்துக என்று அவனறிந்த தமிழிற் சொல்லவும் மாணாக்கனைப் பழக்குக. முன்னதற்குப் பொருள் வேண்டும். பின்னதற்கு மனம் ஒன்றே போதும். யந்திரம் வரத் தாமதமாயினும் இரண்டாவதை இன்றே தொடங்கத் தடை யாதுமில்லை.