கைடு போதுமாம்!

பேத்தி எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு. பாத்தாலஜிக்கும் பார்மகாலஜிக்கும் கேள்வி-பதில் கைடு வாங்கி வந்திருக்கிறாள். "ராபின்ஸ் ஆயிரம் பக்கத்துக்கு மேல தாத்தா, யார் படிப்பா?" சீனியர்கள் சொன்னார்களாம்.

ராபின்ஸ் முழுவதும் வேண்டாம், ஹர்ஷ் மோகனாவது படி. மருந்துக்குத் திரிபாதி. அழற்சியில் ரத்தக்குழாய்க்கு என்ன ஆகிறது என்று புரியாமல் "காரணங்கள் ஐந்து" என்று ஒப்பித்தால் பாஸாகலாம். நோயாளி கைடு வரிசைப்படியா வந்து உட்காருவார்?

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, படபடப்பு என்று வந்த ஓர் அம்மாவுக்கு புரோப்ரனலால் எழுதிவிட்டேன். "இவங்களுக்கு ஆஸ்துமா உண்டு சார்" என்று நர்ஸம்மா சீட்டைத் திருப்பித் தந்தார். இதயத்தை அமைதிப்படுத்தும் அதே மாத்திரை மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். ஏன் என்று நான் படித்ததே இல்லை. நானும் கைடு படித்துப் பாஸானவன்தான்.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். கைடு இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது.