வாத்தியம் குடுங்க, போதும்

"இசை ஏழைப் பசங்க வாழ்க்கையையே மாத்திடும்" என்று யாராவது மைக் பிடித்துப் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. இசை மேல கோபம் இல்லைங்க. காதுல ராஜா பாட்டு ஓடலைன்னா எனக்கு நாலு வரி கோடு எழுத வராது. கோபம் அந்த வாக்கியத்து மேலதான். குப்பத்துப் பசங்களையும் இசைக்கலைஞர்களையும் ஒண்ணா உட்கார வைக்கிற திட்டங்கள் உலகம் பூரா இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் காசு வாங்குகின்றன. அந்தத் திட்டங்களைக் கெடுப்பதும் அதே வாக்கியம்தான். கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, காபி எடுத்துக்கிட்டு வாங்க.

இந்த மேட்டரில் எல்லாரும் முதலில் இழுக்கிற உதாரணம் வெனிசுவேலாவின் எல் சிஸ்தேமா. 1975ல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் காரகாஸ் நகரத்தில் ஒரு கார் பார்க்கிங்கில் 11 பேரை வைத்து ஆரம்பித்தார். மனுஷன் பொருளாதார நிபுணர், கூடவே இசைக்கலைஞர். அப்புறம் நாடு முழுக்க மையங்கள், லட்சக்கணக்கில் பசங்க, கையில் வயலின், செல்லோ, ட்ரம்பெட். எல்லாரும் சேர்ந்தால் ஆர்கெஸ்ட்ரா. (நம்ம ஊர் கல்யாண ரிசப்ஷன் ஆர்கெஸ்ட்ராவை நினைச்சுக்காதீங்க. நூறு பேர் உட்கார்ந்து சிம்பொனி வாசிக்கிற சமாச்சாரம்.) 2007ல் லண்டன் ஆல்பர்ட் ஹாலில், ப்ராம்ஸ் விழாவில், குஸ்தாவோ துதாமெல் நடத்த இந்தப் பசங்க வாசித்தார்கள். கடைசியில் தேசியக்கொடி நிறத்து ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு, வாத்தியத்தைச் சுழற்றிச் சுழற்றி ஆடினார்கள் பாருங்க, சான்ஸே இல்லை. யூட்யூபில் தேடினால் கிடைக்கும். 2009ல் துதாமெல் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்குக்கு இசை இயக்குநராகப் போனார், அதே வருஷம் அப்ரேயுவுக்கு டெட் பரிசு. அதுக்கப்புறம் ஊருக்கு ஊர் ஒரு "சிஸ்தேமா".

இதில் விற்கிற கதை என்ன? துப்பாக்கி தூக்க வேண்டிய பையன் வயலின் தூக்கினான். அவ்வளவுதான். ஒரு வரியில் எழுதலாம், ஒரு போட்டோவில் காட்டலாம்.

ஜெஃப்ரி பேக்கர் என்கிற பிரிட்டிஷ் இசை ஆய்வாளர் அங்கேயே போய்த் தங்கி ஆராய்ச்சி செய்து 2014ல் எல் சிஸ்தேமா பற்றி ஒரு புத்தகம் போட்டார். அவர் தோண்டி எடுத்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: ஆரம்பிக்கும்போது ஏழைக் குழந்தை, சமூக மீட்பு என்ற பேச்சே பெரிசா கிடையாது. வெனிசுவேலா நாட்டு இளம் கலைஞர்களுக்குச் சொந்தமாக ஓர் ஆர்கெஸ்ட்ரா வேண்டும், அதான் நோக்கம். மீட்பு வசனம் பெரும்பாலும் தொண்ணூறுகளில் வந்து ஒட்டிக்கொண்டது. ஏன்? என் கணக்கு ரொம்ப சிம்பிள். இசைக்குன்னு போய் நின்னா கலாச்சாரத் துறை சில்லறை போடும். ஏழைகளைக் காப்பாத்தறோம்னு போய் நின்னா அரசாங்கம் மூட்டையை அவிழ்க்கும், வளர்ச்சி வங்கி கடன் கொடுக்கும்.

கடன் கொடுத்தவன் சும்மா இருப்பானா? அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி ஒரு சோதனை நடத்தியது. 16 மையங்கள், 6 முதல் 14 வயது வரை 2,914 குழந்தைகள். குலுக்கல் போட்டு ஒரு பகுதியை உடனே சேர்த்துக்கொண்டார்கள், மீதியை ஒரு வருஷம் கழித்து வரச் சொன்னார்கள். நம்ம பாஷையில் சொன்னா ஏ/பி டெஸ்டிங். 2012-13ல் நடந்தது, முடிவு 2017ல் ஆய்விதழில் வெளியானது. சுயகட்டுப்பாட்டில் சின்ன முன்னேற்றம். அடிதடி, வன்முறையை நேரில் பார்த்து வளர்ந்த பையன்களிடம் முரட்டுத்தனம் குறைந்திருந்தது. இது சும்மா தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லைதான். ஆனால் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் அறிவுத்திறனிலோ, மற்றவர்களோடு பழகுவதிலோ வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அதைவிட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு எண். அந்த மையங்கள் இருந்த மாநிலங்களில் அந்த வயதுக் குழந்தைகளில் ஏழைகள் 46.5 சதவீதம். திட்டத்தில் சேர வந்த குழந்தைகளில் ஏழைகள் 16.7 சதவீதம்.

இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. ஏழைக் குழந்தைகளுக்கான உலகப்புகழ் திட்டத்தில் ஏழைகள் கம்மி!

இதில் சதி எதுவும் இல்லை. தினமும் சாயங்காலம் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, இருட்டினதும் கூட்டிக்கிட்டு வர ஆள் இருக்கிற வீடுதான் விண்ணப்பமே போடும். போடட்டுமே. கிளார்க் வீட்டுப் பொண்ணு வாசித்தாலும் கொத்தனார் வீட்டுப் பையன் வாசித்தாலும் வயலின் வயலின்தான். மீட்பு வசனம் பேசாமல் இருந்திருந்தால் இந்த எண் ஒரு பிரச்சினையே இல்லை.

இந்த வசனத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, நன்றிக்கடன். 2017 மே மாதம் காரகாஸில் நடந்த அரசு எதிர்ப்புப் போராட்டத்தில் எல் சிஸ்தேமாவில் வாசித்துவந்த இளம் வயோலாக் கலைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அதுவரை அரசியலே பேசாதவர் என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்த துதாமெல் வாய் திறந்தார், அரசைக் கண்டித்தார். சில மாதங்களில், அவர் நடத்தவிருந்த வெனிசுவேலா தேசிய இளைஞர் ஆர்கெஸ்ட்ராவின் அமெரிக்கப் பயணத்தை அரசு ரத்து செய்தது. பேசியது அவர், பயணம் போனது பசங்களுக்கு. "உன்னை நான்தான் காப்பாத்தினேன்" என்று சொல்கிறவன், "அப்ப வாயை மூடிக்கிட்டு இரு" என்று சொல்ல ரொம்ப நாள் ஆகாது.

சரி, எல் சிஸ்தேமாவில் நல்லதே இல்லையா? இருக்கு. நான் சண்டை போடுவதே அதுக்காகத்தான். வகுப்பு கிட்டத்தட்ட தினமும், சில மணி நேரம். வாத்தியத்துக்குக் காசு கிடையாது. பத்து வருஷம் தனியா உட்கார்ந்து சாதகம் பண்ணு, அப்புறம் மேடையைப் பற்றிப் பேசலாம் என்கிற நம்ம சபா வழக்கம் அங்கே இல்லை. நாலு ஸ்வரம் வந்ததும் கூட்டத்தோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டியதுதான். பெரிய பசங்க சின்னப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், அவர்களில் பலர் பிறகு அங்கேயே ஆசிரியர்கள். ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் நகரத்து ராப்ளாக் பகுதியில் 2008ல் "பிக் நாய்ஸ்" என்று ஆரம்பித்தவர்கள் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குள்ள கெட்ட பேரு வாங்கின குடியிருப்பு அது. பச்சைக் குழந்தையில் தொடங்கி, பள்ளிக்கூடம் முடிக்கும்வரை கூடவே இருப்பது என்று திட்டம் போட்டார்கள். 2012 ஜூனில் துதாமெலும் அவருடைய ஆர்கெஸ்ட்ராவும் அங்கேயே வந்தார்கள், திறந்தவெளியில் மழைக்கு நடுவில் அந்தக் குழந்தைகளும் சேர்ந்து வாசித்தார்கள். போட்டோவுக்கு நாலு வருஷம் காத்திருந்திருக்கிறார்கள் பாருங்க!

நம்ம ஊரில் காப்பி அடிப்பது அந்தக் கடைசிப் போட்டோவை மட்டும்தான்.

முன்னாடி நான் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த கம்பெனி ஒன்று, பேர் வேண்டாம். அங்கே ஒரு சனிக்கிழமை சி.எஸ்.ஆர் புண்ணியத்தில் எங்களை ஒரு கார்ப்பரேஷன் ஸ்கூலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். எல்லாருக்கும் கம்பெனி பேர் போட்ட டி-ஷர்ட், ஒரு பேண்டு, வேன் நிறைய ஜெம்பே. ஜெம்பே ஆப்பிரிக்காவில் இருந்து வந்த தோல் வாத்தியம். சென்னையில் கார்ப்பரேஷன் ஸ்கூல் பசங்களுக்குத் தட்டக் கொடுக்க வேறு தோல் வாத்தியமே கிடைக்கவில்லை போல. இரண்டு மணி நேரம் தட்டினோம். எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன், பேண்டு டிரம்மர் வாசித்துக் காட்டின தாளத்தை ஒரே தடவையில் திருப்பி வாசித்தான். அடுத்த தடவை நடுவில் இவனாகவே எதையோ செருகி வாசித்தான். டிரம்மருக்கு வாயெல்லாம் பல். "எங்கடா கத்துக்கிட்டே?"ன்னு கேட்டார். "எங்க மாமா சாவுக்கு சட்டி அடிப்பாருண்ணே" என்றான். மாமா வீடு ஸ்கூலில் இருந்து இரண்டு தெரு. அவரைக் கூப்பிட வேண்டும் என்று இத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முடியும்போது அவன் கேட்டான், "அடுத்த வாரம் எப்பண்ணே வருவீங்க?" டிரம்மர் என்னைப் பார்த்தார், நான் எச்.ஆர் அம்மணியைப் பார்த்தேன், அம்மணி போட்டோகிராபரைப் பார்த்தார். ஜெம்பேயெல்லாம் திரும்ப வேனில் ஏறியது. பசங்களுக்கு சாம்பார் சாதப் பொட்டலமும் சர்டிபிகேட்டும். கம்பெனிப் பத்திரிகையில் "பல வாழ்க்கைகளைத் தொட்டோம்" என்று முழுப்பக்கம் வந்தது. தொட்டது என்னமோ ஜெம்பேயைத்தான்.

அந்த மாமா மேட்டரில்தான் எனக்கு நிஜமான கோபம். "இளைஞர்களை இசைக்கலைஞர்களோடு இணைக்கிறோம்" என்கிறார்களே, இசைக்கலைஞர் என்று யாரைக் கணக்கில் எடுக்கிறார்கள்? கிடார் வைத்திருந்தால் கலைஞர். வயலின் என்றால் பெரிய கலைஞர். சாவு வீட்டில் நாள் முழுக்க நின்று அடிக்கிற ஆளைக் கூட்டத்தோடு கூட்டமாகக்கூட உட்கார வைக்க மாட்டார்கள். அவரிடமிருந்துதான் அந்தப் பையனைக் "காப்பாற்ற" வந்திருக்கிறோமோ என்று எனக்கு அன்றைக்கு ஒரு சந்தேகம் வந்தது. இன்னும் தீரவில்லை.

இப்படித்தான் இருக்கணும்னு விதி இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து செய்தது, 19 பேர். வடசென்னை கானா பாடகர்கள், ராப் பாடுகிறவர்கள், கிடார், டிரம்ஸ், பக்கத்திலேயே சட்டி, கட்டமொளம், டோலக். அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லில் இருந்து எடுத்த பேர். கானா பாடுகிறவனைத் திருத்துவது அங்கே யாருடைய வேலையும் இல்லை. அவனுக்குத் தெரிந்ததும் கிடார்க்காரனுக்குத் தெரிந்ததும் ஒரே மேடையில், ஒரே மரியாதையில். அந்தக் குழுவில் இருந்து வந்த இசைவாணியை 2020ல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆண்கள் மட்டுமே என்று ஆகிப்போன கானாவில் ஒரு பெண். "இசையால் மீட்கப்பட்டவர்" என்று அவரை யாராவது அறிமுகப்படுத்திப் பார்க்கட்டும், தெரியும் சேதி.

பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015ல் தொடங்கிய விழாவையும் சொல்லணும். டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் மீனவக் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தியது. கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் வந்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் விழா விழாதான். மறுநாள் பந்தல் பிரித்ததும் பையன் கையில் வாத்தியம் இருக்கணுமே.

அரசாங்கம் என்ன பண்ணுதுன்னு கேட்பீங்க. கலை பண்பாட்டுத் துறை 17 மாவட்டங்களில் இசைப்பள்ளி வைத்திருக்கிறது. மூன்று வருஷப் படிப்பு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று காலங்காலமாக இருக்கிற ஏழு பிரிவுகள். தினசரி வகுப்பு, சம்பளத்துக்கு ஆசிரியர். எல் சிஸ்தேமாவில் நல்லதுன்னு நான் சொன்னதில் பாதி இங்கே ஏற்கெனவே இருக்கு, ஒரு கார்ப்பரேட் கம்பெனியும் எட்டிப் பார்ப்பதில்லை. சாதனை வீடியோ எடுக்க அந்தக் கட்டடங்கள் அவ்வளவு அழகாக இல்லை போல. அந்த ஏழில் பறை ஏன் இல்லை என்பதற்குத் தனிப் பதிவே போடலாம்.

"ஒரு நாளாவது பசங்க சந்தோஷமா இருந்துச்சே, அதையும் கெடுக்கணுமா?" என்று அப்போதே ஒரு நண்பன் கேட்டான். சந்தோஷம்தான் வேணும்னா மெரினாவுக்குக் கூட்டிட்டுப் போய் பஜ்ஜி வாங்கிக் குடு ராசா, நானும் வர்றேன். அதை இசைக் கல்வின்னு கணக்கு எழுதாதே.

"குற்றம் குறையும், மார்க் ஏறும்னு ஏதாவது காட்டலைன்னா யார் காசு தருவா?" என்பது இன்னொரு கேள்வி. மயிலாப்பூரில் டியூஷன் முடிந்து வயலின் கிளாஸுக்கு ஓடுகிற பையனோட அம்மாவை நிறுத்திக் கேளுங்க. "இவன் திருடனாகிடக் கூடாதுன்னு சேர்த்திருக்கோம்" என்றா சொல்வார்? பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு, கத்துக்கிறான் என்பார். அந்தக் காரணம் ஏன் கார்ப்பரேஷன் ஸ்கூல் பையனுக்கு மட்டும் பத்தாது?

இனிமேல் இந்த மாதிரி திட்டத்துக்கு நன்கொடை கேட்டு வருகிறவர்களிடம் நான் மூணே மூணுதான் கேட்பதாக இருக்கிறேன். வாத்தியம் ராத்திரி யார் வீட்டில் இருக்கும்? சொல்லிக் கொடுக்கிறவருக்கு மாசம் எவ்வளவு சம்பளம், எத்தனை வருஷத்துக்கு? அந்தத் தெருவில் ஏற்கெனவே வாசிக்கிறவர் பேர் தெரியுமா? மூணுக்கும் பதில் வந்தால் என் பங்கு மாசாமாசம் வந்துவிடும். டி-ஷர்ட் மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நாலு கிடக்கு, பைக் துடைச்சே தீரல.