தடைக்குத் தடை!



அமெரிக்க நாட்டிலே, 2025 பிப்ரவரித் திங்களில், ஆயிரமாயிரம் அரசு ஊழியர்களுக்கு ஓலை வந்தது. வேலைத் திறன் போதாதாம், வீட்டுக்குப் போகலாமாம்! பெரும்பாலும் பணியிலே புதிதாய்ச் சேர்ந்தவர்கள், தகுதிகாண் பருவத்தினர். அவர்தம் திறனை அளந்தவர் யார்? அளந்த கோல் எங்கே? எவரும் அளக்கவில்லை! மேலிடம் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தது. துறைகள் அதிலே பெயரை நிரப்பி அனுப்பின.

வழக்கு எழுந்தது. மார்ச் 13 அன்று, கலிபோர்னியாவின் நீதிபதி வில்லியம் ஆல்சப், ஆறு துறைகளிலே நீக்கப்பட்ட 16,000-க்கும் மேற்பட்டோரை மீண்டும் பணியில் அமர்த்துக என்று இடைக்கால உத்தரவிட்டார். மகிழ்ந்தனர் மக்கள்! எத்தனை நாள் அந்த மகிழ்ச்சி? ஏப்ரல் 8-ல் உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. நீக்கியது நியாயமா என்று ஆராய்ந்ததா? இல்லை, தோழா, இல்லை! வழக்குக் கொண்டுவந்த லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு வழக்காடும் தகுதி உண்டா என்று கேட்டது, நிலைநாட்டவில்லை என்றது, முடித்தது. பக்கத்து வீடு பற்றி எரிகிறது என்று ஓடி வந்தவனிடம், வீடு உன்னுடையதா என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்ததுபோல!

இடைக்கால உத்தரவு எதற்காக? வழக்கு முடியும் வரை வழக்கின் பொருள் கெடாமல் காப்பதற்காக. நெல் எவருக்கு உரியது என்று இருவர் வழக்காடினால், தீர்ப்பு வரும் வரை நெல்லைப் பூட்டி வைப்பதுதான் முறை. ஒருவனிடம் கொடுத்து, நீ குத்திப் பொங்கித் தின்றுகொண்டிரு, பிறகு பார்ப்போம் என்றால், தீர்ப்பு நாளில் மற்றவன் கைக்கு வருவது உமி!

அரசுத் தரப்பின் வாதத்தைக் கேள். ஊழியரை வைத்திருந்தால், கொடுத்த சம்பளம் கருவூலத்துக்குத் திரும்பி வராதாம்! ஈடுகட்ட முடியாத இழப்பாம்! சம்பளம் சும்மாவா போகிறது? உழைப்பு வரவில்லையா? வேலை இழந்தவன் வீட்டு வாடகைக்கு எந்தக் கருவூலம் திறக்கிறது?

ஜூலை 8-ல், நீதிபதி சூசன் இல்ஸ்டன் பல துறைகளின் ஆட்குறைப்புக்கு விதித்திருந்த தடையும் உச்சநீதிமன்றத்தில் வீழ்ந்தது. ஜூலை 14-ல் கல்வித் துறையின் ஏறத்தாழ 1,400 பேர். இம்முறை பெரும்பான்மை நீதிபதிகள் காரணமென்று ஒரு வரியும் எழுதவில்லை!

செப்டம்பர் 12 அன்று ஆல்சப் இறுதித் தீர்ப்பு வழங்கினார். நீக்கம் சட்ட விரோதமே என்றார். ஆனால், வேலையைத் திருப்பித் தரவில்லை. மேலே உள்ள மன்றம் மீண்டும் குறுக்கே நிற்கும். காலமும் கடந்துவிட்டது, நீக்கப்பட்டோர் வேறு வேலை தேடிப் போய்விட்டனர் என்றார். உங்கள் வேலைத் திறனுக்காக நீக்கவில்லை என்று கடிதம் அனுப்பச் சொன்னார். வழக்கிலே வெற்றி, வயிற்றுக்குக் கடிதம்!

ஊழியர் முறையீட்டு வாரியத்துக்குப் போகலாமே என்றும் அரசு வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். அந்த வாரிய உறுப்பினர் ஒருவரையே நீக்கிவிட்டார் அதிபர் டிரம்ப். மே 22-ல் உச்சநீதிமன்றம் அந்த நீக்கத்தையும் இப்போதைக்கு நிற்கட்டும் என்று விட்டது, அதுவும் ஓர் இடைக்கால உத்தரவால்! பல திங்கள் வாரியம் முடிவெடுக்கப் போதிய ஆளின்றிக் கிடந்தது.

இந்தக் கதை நமக்குப் புதிதா? 2003 ஜூலையில், வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் நீக்கிற்று அம்மையார் ஜெயலலிதாவின் அரசு. சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்கால நிவாரணம் தந்தார். மேல் அமர்வு அதை நீக்கி, நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போ என்றது. நாடு வேறு, கதவைக் காட்டும் கை ஒன்று!

2025 அக்டோபரில், நிதி ஒப்புதல் இன்றி அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்த வேளையிலும் ஏறத்தாழ 4,000 பேருக்கு ஓலை அனுப்பினார்கள். அதே இல்ஸ்டன் மீண்டும் தடை விதித்தார். நவம்பர் 12-ல் நிறைவேறிய நிதிச் சட்டம் அந்த ஓலைகளைத் திரும்பப் பெறச் செய்தது. 2026 ஜனவரி 30 வரை புதிய ஆட்குறைப்பையும் தடுத்தது. அக்டோபருக்கு முன் வெளியே தள்ளப்பட்டவர்களுக்கு அச்சட்டத்தில் இடமில்லை.