குறைந்த வாடகை எது?



பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் நம் இல்லங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். வேளாங்கண்ணிக்கா, கொடைக்கானலுக்கா என்ற வினாவுக்கு விடை கிடைத்தபின், குடும்பத்தலைவர் வாடகை வண்டிக்காரர்கள் நால்வரிடம் விலை கேட்பார். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் குறைத்துச் சொன்னவருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு நிம்மதி அடைவார். பயணம் முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் வாக்குவாதம் எழும். சிக்கனம் நல்லறமே, ஆயினும் எதில் சிக்கனம் செய்வது என்று தெரிந்து செய்தால்தான் அது பயன் தரும். ஆகவே இம்மாதம் வாடகை வண்டியைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதலாவதாக, கிலோமீட்டர் விலையை மட்டும் கேட்டு முடிவு செய்தல் கூடாது. வெளியூர்ப் பயணத்திற்கு உரிமையாளர்கள் பெரும்பாலோர் நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு வைத்திருப்பர். வண்டி அவ்வளவு ஓடாவிடினும் அத்தொகையைக் கொடுத்தே ஆக வேண்டும். கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். மூன்று நாள் பயணம். ஓடப்போகும் தூரம் மொத்தம் 450 கிலோமீட்டர். ஒருவர் கிலோமீட்டருக்கு 13 ரூபாய் கேட்கிறார். நாளுக்கு 250 கிலோமீட்டர் குறைந்தபட்சம். ஓட்டுநர் பேட்டா 400 ரூபாய். மற்றவர் 16 ரூபாய் கேட்கிறார். குறைந்தபட்சம் 150 கிலோமீட்டர். பேட்டா 600 ரூபாய். முன்னவருக்கு 750 கிலோமீட்டருக்கு 9,750 ரூபாயும் பேட்டா 1,200 ரூபாயுமாக 10,950 ரூபாய் ஆகிறது. பின்னவருக்கு 7,200 ரூபாயும் பேட்டா 1,800 ரூபாயுமாக 9,000 ரூபாய்தான். விலை உயர்ந்தவராகத் தோன்றியவரே இங்குக் குறைந்தவர். அவருடைய ஓட்டுநருக்குப் பேட்டாவும் அதிகம். ஒரே நாளில் நெடுந்தூரம் சென்று திரும்பும் பயணமாயின் இக்கணக்கு மாறிவிடும். எனவே முதலில் உங்கள் தூரத்தை எழுதுங்கள். பிறகு விலை கேளுங்கள்.

இரண்டாவதாக, தூரம் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்று கேளுங்கள். உங்கள் வீட்டு வாசலிலிருந்தா, வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்தா? ஷெட் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், வந்து போகும் தூரமும் உங்கள் கணக்கில் சேரும். நாள் என்பதும் அவ்வாறே. பலர் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையே ஒரு நாள் என்று எண்ணுவர். வெள்ளி இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டால், அந்த மூன்று மணி நேரத்திற்கே ஒருநாள் வாடகையும் ஒருநாள் பேட்டாவும் கொடுக்க நேரிடும். சனி விடியற்காலை புறப்பட்டால் அச்செலவு மிச்சம். சுங்கச்சாவடிக் கட்டணம், வண்டி நிறுத்தும் கட்டணம், மலைப்பாதைக் கட்டணம், வெளிமாநில வரி ஆகியவை வாடகையில் அடங்குமா என்பதையும் முன்னரே தெளிவாக்கிக் கொள்ளுங்கள். 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கம் வண்டியில் ஒட்டிய பாஸ்டேக் வழியாகவே கழிக்கப்படுவதால், பயணம் முடிந்ததும் அந்தக் கணக்கைக் காட்டச் சொல்லலாம்.

மூன்றாவதாக, காலத்தை அறிந்து பேசுங்கள். வண்டிகளுக்கும் பருவம் உண்டு. முகூர்த்த நாட்களில் வேன்கள் திருமணங்களுக்குச் சென்றுவிடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு ஓடும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. இந்நாட்களில் வாடகை இறங்காது. ஆடி மாதத்தில் திருமணங்கள் இல்லாமையால், வண்டிகள் பல ஷெட்டில் நிற்கும். அப்போது பேசிப் பார்க்க இடமுண்டு. மே மாதத்தில்தான் செல்ல முடியுமெனில், சனி, ஞாயிறை விட்டு வாரத்தின் இடைநாட்களில் செல்வது நலம்.

வீட்டிலிருந்தே வண்டி எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சென்னையிலிருந்து கொடைக்கானல் செல்லும் நால்வர், கொடைரோடு வரை இரயிலில் சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் மலைப்பாதைக்கு மட்டும் வண்டி அமர்த்தலாம். செலவும் குறையும், மலைவளைவுகளில் பழகிய ஓட்டுநரும் கிடைப்பார். பத்துப் பன்னிரண்டு பேராயின், இரு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் எடுப்பதே மேல். கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை உயர்நீதிமன்ற ஆணைப்படி நடைமுறைக்கு வந்தது. புறப்படுமுன் அதன் விதிகளை விசாரித்துக் கொள்ளுங்கள்.

நான்காவதாக, வண்டியின் எண் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கு உரிமம் பெற்ற வண்டி. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் நாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடும் வண்டி. வெள்ளைப் பலகை சொந்தப் பயனுக்குரியது. ‘தெரிந்தவர் கார், டீசல் போட்டுக் கொஞ்சம் பணம் கொடுத்தால் போதும்’ என்று வெள்ளைப் பலகை வண்டியில் செல்வோர் நம்மிடையே பலர். வாடகை மலிவுதான். ஆனால் தனியார் காரின் காப்பீட்டுப் பத்திரம் வாடகைப் பயனை விலக்கியே எழுதப்படுகிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க அதுவே காரணமாகிவிடும். ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்த குடும்பம், இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற நேரிடலாம். நண்பருக்கும் அது இன்னலே.

நாமே ஓட்டிச் செல்லும் வண்டியை எடுப்போர், கொடுக்கும் முன்வைப்புத் தொகை எந்நாளில் திரும்பும், எத்தனை கிலோமீட்டர் வரை வாடகையில் அடங்கும், எரிபொருள் எந்த அளவில் திருப்பித்தர வேண்டும் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். வண்டியைப் பெறும்போதே கீறல், நெளிவு யாவற்றையும் நான்கு புறமும் படம் எடுத்து வைத்தல் வேண்டும். பழைய கீறலுக்குப் புதிய கட்டணம் கேட்கும் வழக்கு இதனால் தவிரும்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. பேரம் பேசுகையில் நாம் எளிதில் குறைப்பது ஓட்டுநரின் பங்கைத்தான். எரிபொருள் விலை குறையாது, சுங்கம் குறையாது, உரிமையாளரின் வங்கித் தவணையும் குறையாது. ஆகவே குறைக்கப்பட்ட தொகை பேட்டாவிலும் உறக்கத்திலும் கைவைக்கிறது. பகலெல்லாம் ஒரு சவாரி முடித்து வந்தவரே இரவில் உங்கள் வாசலில் நிற்பார். ஒருநாள் விடுதிச் செலவை மிச்சப்படுத்த இரவிலேயே புறப்பட்டு, காலையில் வழிபாடு முடித்து, மாலையில் கடற்கரை கண்டு, மறு இரவே திரும்பும் திட்டத்தில், நாம் பின்னிருக்கையில் உறங்குகிறோம். அவர் எப்போது உறங்குவார்?

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப்பின் அரைமணி ஓய்வையும் விதித்தது. அச்சட்டம் ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்களுக்கே உரியதாயிருந்தது. ஒற்றை வண்டியை ஓட்டிப் பிழைப்பவருக்கு அந்தக் காவல் இல்லை. ஆனால் கண்ணயர்வு நிறுவனத்தின் அளவைக் கேட்டு வருவதில்லை. தமிழக அரசு 2023-இல் கட்டட விதிகளைத் திருத்தி, விடுதிகளில் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடம் வேண்டும் என்று விதித்தது. ஆகவே அறை பதிவு செய்யும்போதே, ‘ஓட்டுநர் படுக்க இடம் உண்டா?’ என்று கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. கொசுக்கடியில் முன்னிருக்கையைச் சாய்த்துப் படுத்தவர், மறுநாள் மலையிறக்கத்தில் நம் பிள்ளைகளின் உயிரைக் கையில் வைத்திருப்பவர் என்பதை மறவாதீர்கள்.

ஆதலின், குடும்பத்தலைவர்களே, வண்டி பேசும்போது ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: மொத்தத் தூரம், குறைந்தபட்சக் கிலோமீட்டர், எண்ணத் தொடங்கும் இடம், நாளின் கணக்கு, பேட்டா, சுங்கம், உரிமம், காப்பீடு. அதன் கீழே, ‘முந்தைய இரவு ஓட்டுநர் வீட்டில் உறங்கினாரா?’ என்ற கேள்வியையும் சேருங்கள். உணவுக்கு நிறுத்தும்போது, ‘வாங்க தம்பி, சாப்பிடலாம்’ என்று அவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். உழைப்பவர்க்கு உரியதை உரிய வேளையில் கொடுத்தல் நாம் ஞாயிறுதோறும் கேட்கும் அறமே. தூரத்திலும் நாளிலும் கணக்காய் இருந்து மிச்சம் பிடியுங்கள். மிச்சம் பிடித்ததில் ஒரு சிறு பகுதி ஓட்டுநரின் கட்டிலுக்குப் போகட்டும். சென்றவர் அனைவரும் நலமே வீடு திரும்பும் பயணமே குறைந்த செலவுப் பயணம்.