ஏசியில் கேஸ் தீர்ந்துபோகுமா?

ஏப்ரல் பிறந்தால் போதும், தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு வசனம் கேட்கும். "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சிரலாமா?" சொல்பவர் ஏசி மெக்கானிக். கேட்பவர் வியர்வையில் நனைந்து நிற்கும் வீட்டுக்காரர். மறுபேச்சு கிடையாது. சில ஆயிரம் ரூபாய் கைமாறும். அடுத்த ஏப்ரலில் அதே வீடு, அதே ஏசி, அதே வசனம்!

ஏசி கேஸ் என்ன சமையல் சிலிண்டரா, எரிந்து தீர்வதற்கு? கேஸ் ஒரு மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே இருக்கும் காயிலில் ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் அதை அழுத்தி வெளி யூனிட்டுக்கு அனுப்பும். அங்கே வெப்பத்தைக் கொட்டிவிட்டு, திரவமாகித் திரும்ப உள்ளே வரும். இந்தச் சுற்றில் ஒரு கிராம்கூடச் செலவாவதில்லை. கேஸ் குறைந்திருக்கிறது என்றால் ஒன்று, எங்கோ ஓட்டை இருக்கிறது. அல்லது முதல் நாளிலேயே சரியான அளவு இல்லை. மூன்றாவது காரணம் கிடையாது.

நம்பிக்கை வராதவர்கள் சமையலறைக்குள் எட்டிப் பார்க்கலாம். அங்கே நிற்கும் ஃபிரிட்ஜும் இதே தொழில்நுட்பம்தான். இரவும் பகலும் ஓடுகிறது. அதற்கு யாராவது வருஷா வருஷம் கேஸ் அடிக்கிறார்களா?

"ஃபிரிட்ஜ் கம்பெனியிலேயே சீல் ஆகி வருது, ஸ்பிளிட் ஏசியில ஜாயின்ட் இருக்கே" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஸ்பிளிட் ஏசியின் செம்புக் குழாயை வீட்டுக்கு வந்துதான் வளைத்து, முனையை விரித்து, நட்டுப் போட்டு முடுக்குகிறார்கள். அந்த வேலை அரைகுறையாக நடந்தால் கேஸ் கசியும். கடற்கரையோர வீடுகளில் உப்புக்காற்று காயிலை அரித்தும் கசியும். ஆனால் இதிலிருந்து என்ன தெரிகிறது? கசிவைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் வேலை, கேஸ் அடிப்பது அதற்குப் பிறகு. ஓட்டைக் குடத்தில் வருஷா வருஷம் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஊற்றியதற்குக் கூலி வாங்கினால் அதற்கு என்ன பெயர்?

இன்னொரு கூத்தும் உண்டு. குளிர் வரவில்லை என்றாலே கேஸ் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்று ஓட்டம் குறையும், காயிலில் ஐஸ் கட்டும், குளிர் குறையும். வெளி யூனிட்டில் அழுக்குப் படிந்தால் வெப்பம் வெளியேறாது, குளிர் குறையும். கெப்பாசிட்டர் போனால் கம்ப்ரசரே ஓடாது, வெறும் காற்றுதான் வரும். வீட்டுக்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒரே நோய். முதல் நோய்க்கு மருந்து குழாய்த் தண்ணீர். மூன்றாவதற்குச் சில நூறு ரூபாய் சாமான். பில்லில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: கேஸ்!

பொருளாதாரம் படிப்பவர்களுக்கு இது பழைய கதை. பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கு சந்தையை விட்டே ஓடிவிடும் என்பது அதன் சாரம். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. ஏசி சர்வீஸ் தொழிலில் அதுதான் நடக்கிறது. நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் பார்த்து, சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடி, அடைத்து, வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, தராசில் எடை போட்டு கேஸ் ஏற்றுகிற மெக்கானிக்குக்கு அரை நாள் போகும். கூலியும் கூட. கேஜை மாட்டி, சிலிண்டரைத் திறந்து, "கையை வச்சுப் பாருங்க, ஜில்லுன்னு வருதா?" என்று கேட்பவருக்கு இருபது நிமிஷம் போதும். வீட்டுக்காரருக்கு இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. யார் சீப்போ அவருக்குத்தான் போன் போகும். நல்ல மெக்கானிக் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்?

ஆகவே குற்றத்தை மெக்கானிக் தலையில் மட்டும் கட்டுவது அயோக்கியத்தனம். மொட்டை வெயிலில் மூன்றாவது மாடி சன்ஷேடில் கயிறுகூட இல்லாமல் தொங்குகிறவர் அவர். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு வைத்து, வேலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் கசிவைத் தேட எந்த மடையன் உட்காருவான்? விளம்பரத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிற கம்பெனிகள், மாட்டும் வேலையை மட்டும் கான்ட்ராக்டில் தள்ளிவிட்டுக் கை கழுவுகின்றன. 2019-ல் வந்த மத்திய அரசின் குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23-க்குள் ஒரு லட்சம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. அந்தச் சான்றிதழைக் காட்டுங்கள் என்று கேட்கிற வீடு எத்தனை?

வீட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பல ஆயிரம் போட்டு, அதுவும் தவணையில், ஏசி வாங்குவார்கள். ஒன்றரை டன் என்றால் என்ன என்று கேட்டால் "அதோட வெயிட்டு" என்பார்கள்! ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்தக் கணக்கில் வந்த பெயர்.

ரிமோட்டை 16-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது அடுத்த மூடநம்பிக்கை. சாதாரண ஏசியின் கம்ப்ரசர் ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் நிறுத்தம். 16-லும் 24-லும் குளிரும் வேகம் ஒன்றுதான். இன்வெர்ட்டர் ஏசியோ வைத்த அளவை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக் கரண்டை மிச்சம் பிடிப்பது. 16-ல் வைத்தால் அந்த அளவை அது எட்டவே போவதில்லை. பிறகு இன்வெர்ட்டருக்குக் கூடுதல் காசு கொடுத்தது எதற்கு? ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை ஏசிகள் ஆன் செய்ததும் 24-ல் நிற்க வேண்டும் என்று விதியே வந்தது. நம்மாள் ஆன் செய்த கையோடு எட்டு முறை அமுக்கி 16-க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

இதன் விலை மின்வாரிய பில்லில் தெரியும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் ரூ.1,725. 501 ஓடினால் ரூ.1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 2024-ல் கட்டணம் இன்னும் கூடியது. ஃபில்டர் அடைத்த ஏசியும், 16-ல் நிற்கிற ரிமோட்டும் ஒரு குடும்பத்தை அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கப் போதும்.

காசோடு போனால் பரவாயில்லை. கேஸ் குறைவாக ஓடும் ஏசியில் கம்ப்ரசர் சூடாகும், ஏனென்றால் திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் அதையும் குளிர்விக்கிறது. ஒரு நாள் அது போய்விட்டால் பாதி ஏசி போன மாதிரி. ஆர்-410ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால் சுமார் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமமான கேடு. ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும். ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே எரியும். எந்த ஏசியில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று வெளி யூனிட்டின் லேபிளில் அச்சடித்திருக்கிறது. அதைப் படிக்காமல் கையில் இருக்கிற சிலிண்டரை மாட்டுவதும், அந்த இடத்தில் கசிவைத் தேடாமல் போவதும் விளையாட்டு இல்லை. அதே அறையில்தான் இரவு பிள்ளைகள் படுத்துத் தூங்குகின்றன.

செய்ய வேண்டியது ஒன்றும் ராக்கெட் விடும் வேலை இல்லை.

1. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி, கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுவது. பத்து நிமிஷம்.

2. புது ஏசி மாட்டும்போது வேக்குவம் பம்ப் எங்கே என்று கேட்பது. கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுவது வேக்குவம் ஆகாது.

3. "கேஸ் கம்மி" என்றால் "கசிவு எங்கே?" என்று கேட்பது. இடத்தைக் காட்டாமல் கேஸ் ஏற்ற விடக்கூடாது.

4. பில்லில் கேஸின் பெயரும் ஏற்றிய கிராமும் எழுதி வாங்குவது.

5. இத்தனையும் ஒழுங்காகச் செய்கிற மெக்கானிக் கிடைத்தால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பது.

ஐந்தாவதுதான் முக்கியம். தங்க நகைக்கு மில்லிகிராம் வரை தராசைப் பார்க்கிற ஊர் இது. கேஸுக்கு மட்டும் "ஜில்லுன்னு வருதா" போதுமா?

டிஸ்கி: ஃபில்டர் கழுவுவதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைக்கவும். வெளி யூனிட்டுக்குள் கை விடுவது தெரிந்தவர் வேலை. கெப்பாசிட்டர் கரண்டை நிறுத்திய பிறகும் ஷாக் அடிக்கும்.