அந்நியர் தந்த நிழல்



வகுப்பில் ஒரு நாள் மாணவியொருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், செனரத் மன்னன் பௌத்தன். அவன் ஏன் முஸ்லிம்களுக்கு இடம் கொடுத்தான்?"

நல்ல கேள்வி. இதற்கு விடை தேடினால் கண்டியிலிருந்து ஜப்பான் வரை போய்வர வேண்டியிருக்கிறது.

1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். செனரத் மன்னன் அவர்களை ஏற்று, சுமார் 4000 பேரை மட்டக்களப்புக் கரையில் குடியேற்றினான் என்று வரலாறு கூறுகிறது. இதை நம் மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் அதே கண்டி நிழலில் பின்னர் வந்து ஒதுங்கியவர்கள் யார் தெரியுமா? நம்மை விரட்டியவர்களின் மதத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள்!

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். அவர்களும் கிறிஸ்தவர்களே, ஆனால் புரட்டஸ்தாந்துக் கொள்கையினர். கத்தோலிக்கக் குருமாரை நாடு கடத்தினார்கள். அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையும் தடைசெய்தார்கள். ஏறக்குறைய முப்பது வருடம் குருமார் இல்லாமல், வீடுகளுக்குள்ளேதான் அந்த மக்களின் வணக்கம் பிழைத்திருந்தது.

1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் என்ற பாதிரியார் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் ஜெபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையை அடையாளம் கண்டவர்கள் இரகசியமாகக் கதவைத் திறந்தார்கள். 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறை வைக்கப்பட்டார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருடைய நடத்தையைக் கவனித்தான். 1697இல் பெரியம்மை பரவி மக்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, வாஸ் பாதிரியார் அவர்களுடனேயே தங்கிப் பணிவிடை செய்தார், இறந்தவர்களை அடக்கினார். பௌத்த மன்னனின் பாதுகாப்பில் பணி செய்து 1711இல் கண்டியிலேயே மரணித்தார். 1740களில் வேறொரு மன்னன் காலத்தில் அந்த நிழல் சுருங்கியது என்பதையும் மறைக்கக் கூடாது.

இனி ஜப்பானைப் பாருங்கள். அங்கு பூர்வீக மதம் ஷிந்தோ. 'காமி' என்று சொல்லும் பல தெய்வங்களை வணங்குவார்கள். தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையில் பிரசாரம் செய்த அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549இல் அங்கு கிறிஸ்தவத்தைக் கொண்டுபோனார். பாதிரிமாருக்குப் பின்னால் பீரங்கிகள் வரும் என்று ஆட்சியாளர் அஞ்சினார்கள். 1614இல் நாடு முழுவதும் தடை வந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பெயர் பதிய வேண்டும். சந்தேகிக்கப்பட்டவர்கள் ஈஸா நபி, மர்யம் (அலை) ஆகியோரின் பெயரால் செய்த உருவப் பலகைகளைக் காலால் மிதித்துக் காட்ட வேண்டும்.

அவர்கள் வெளியே ஷிந்தோ, பௌத்தக் கோயில்களுக்குப் போனார்கள். வீட்டுக்குள் தம் பிரார்த்தனையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நாகசாக்கிப் பகுதியில் கரெமத்சு என்றொரு ஷிந்தோ கோயில் உண்டு. அங்கு அவர்கள் போற்றியது ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரை. இப்படியே 250 வருடம்! 1865 மார்ச் 17இல் நாகசாக்கியில் புதிதாகக் கட்டிய தேவாலயத்துக்குச் சில கிராமத்தவர் வந்தார்கள். அவர்களில் ஒரு பெண்தான், தங்கள் உள்ளமும் பாதிரியாரின் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொன்னாள்.

1867இல் அந்த உரக்காமிக் கிராமத்தவர், மரணித்தவர்களுக்குப் பௌத்தக் கிரியை வேண்டாம், தாமே அடக்கிக்கொள்கிறோம் என்றார்கள். கைதுகள் தொடங்கின. 1868இல் ஷிந்தோவை அரியணையின் மதமாக்கிய புதிய அரசு, பழைய தடையை அப்படியே வைத்துக்கொண்டு 3000க்கும் அதிகமானோரை நாடெங்கும் சிதறடித்தது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1873இல்தான் தடைப் பலகைகள் இறங்கின. ஷிந்தோவை அரசிலிருந்து பிரிக்க 1945 வரை செல்ல வேண்டியிருந்தது.

சகோதரிகளே, மரணித்த தம்மவரைத் தம் மார்க்கப்படி அடக்கக் கேட்டது ஒரு குற்றமா? இந்தக் கேள்வியின் கனம் உங்களுக்குத் தெரியும். 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி நம் ஜனாஸாக்களை எரித்தார்கள்; இருபது நாள் பச்சிளம் குழந்தையையும் விடவில்லை. 2021இல் ஓட்டமாவடி மண் கிடைக்கும் வரை எத்தனை உம்மாமார் உறங்காமல் இருந்தார்கள்!

அதற்கு முந்திய வருடத்தையும் நினையுங்கள். 2019 ஏப்ரல் 21இல் நம் பெயர் தாங்கிய சிலர் தேவாலயங்களில் குண்டு வைத்தார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குழந்தைகள் பலர் மாண்டார்கள். ஐந்தாம் நாள் இரவு சாய்ந்தமருதில் கேட்ட வெடியோசை இன்னும் நம் காதில் இருக்கிறது. அந்தச் சிலரைக் கொண்டு எங்கள் எல்லோரையும் அளக்காதீர்கள் என்று நாம் கேட்டோம். அது நியாயமான கேள்வி. அப்படியானால் நாமும் பிறரை அப்படி அளக்கலாமா?

அந்த மாணவிக்கு நான் சொன்ன விடை இதுதான்: மகளே, செனரத்துக்குக் கரையைக் காக்க ஆட்கள் தேவைப்பட்டிருக்கலாம். விமலதர்மசூரியனுக்கும் சந்தேகம் இருந்தது. ஆனாலும் அவர்கள் மதத்தின் பெயரோடு நிற்காமல் மனிதனையும் பார்த்தார்கள். ஜப்பானில் பெயரை மட்டுமே பார்த்தார்கள். பெயரைப் பார்த்த இடத்தில் சிறை வந்தது. மனிதனைப் பார்த்த இடத்தில் நிழல் கிடைத்தது.

நம் முதல் ஹிஜ்ரத்தும் ஒரு கிறிஸ்தவ மன்னரின் நிழலுக்குத்தானே? ஹபஷாவின் நஜ்ஜாஷி மன்னர் முஸ்லிம்களைத் திருப்பி அனுப்ப மறுத்த செய்தியை நமக்கு விரிவாகச் சொன்னவர் ஒரு பெண், அங்கு தஞ்சம் புகுந்த உம்மு ஸலமா (ரழி) அவர்கள். நன்றியோடு சொன்னார்கள்; உம்மத்து அதை மறக்கவில்லை.

இன்றிரவு பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது இந்தக் கதைகளைச் சொல்லுங்கள். செனரத்தைச் சொல்லும் வாயால் யோசப் வாஸையும் சொல்லுங்கள். அடுத்த தெருவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் மௌத்து என்று கேட்டால், முதலில் போய் ஆறுதல் சொல்பவர்களில் நீங்களும் இருங்கள்.

நிழலில் நின்றவர்களை, பிறருக்கு நிழல் தருபவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.